ரோஸ்மில்க் ரத்தமும் ஒரு டெம்போ இறாலும்

இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை தேடிக் கம்பெனி கேட் கேட்டாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பங்குனி வெயிலில், புதுவாயலுக்குக் கொஞ்சம் தள்ளி, கல்கத்தா ரோட்டோரத்து மைதானத்தில் தொடங்கியது இந்தக் கதை.

எங்கள் ஊர் இளைஞர் மேம்பாட்டு மன்றத்தில் நான் உறுப்பினர். மன்றம் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கேரம் போர்டு, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஓடாத கடிகாரம் ஒன்று. ஒருநாள் மன்றத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சுற்றுவட்டார மன்றங்களுக்கெல்லாம் சேர்த்து ஒருநாள் பயிற்சி. சாலை விபத்து நடந்தால் இளைஞர்கள் எப்படி மீட்க வேண்டும் என்று ஒத்திகை. எங்கள் மன்றத்திலிருந்து முப்பது பேர் வேண்டும், எல்லோருக்கும் வயது பதினைந்திலிருந்து முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும், அதில் ஐந்து பேராவது பெண்களாக இருக்க வேண்டும்.

முப்பது இளைஞர்களுக்கு எங்கே போவது? ஊரிலிருந்த இளைஞர்கள் எல்லாம் ஏதாவதொரு கம்பெனியில் ஷிப்டில் இருந்தார்கள். பகலில் ஊரில் அகப்பட்டவர்கள் என்னைப்போல வேலையில்லாதவர்களும், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்களும்தான். மன்றத் தலைவர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். அவரே பல வருஷமாக முப்பத்துநாலு வயதில் நின்றுகொண்டிருந்தவர். அதனால் வயது விஷயத்தில் யாரையும் அதிகம் கேள்வி கேட்கவில்லை. இஸ்திரி போடுகிற அண்ணன், மகளுக்குக் கல்யாணம் முடித்தவர், அவரும் முப்பத்துமூன்று என்று பட்டியலில் ஏறினார். தையல் வகுப்புப் பெண்கள் ஐந்து பேர், சாயங்காலம் நாலு மணிக்குள் வீட்டில் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்த ஆறு பேரைப் பல் துலக்கக்கூட விடாமல் வேனில் ஏற்றினார்கள்.

என்னை யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பயிற்சிக்குச் சிறப்பு விருந்தினராக, ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கிற பர்சனல் மேனேஜர் வருகிறார் என்று தெரிந்ததும் நான்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். கேட்டில் வாட்ச்மேனைத் தாண்டிப் பார்க்க முடியாத மனிதர். அவர் கண்ணெதிரே மூச்சு வாங்க ஓடிப்போய் நாலு பேரைத் தூக்கிக் காப்பாற்றினால் ஒரு வேலை கிடைக்காதா என்று கணக்குப் போட்டேன். அதற்காக நண்பன் ஒருவனிடம் புது ஷூ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

பயிற்சி கொடுத்தவர் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், கையில் பட்டியல். வந்தவுடன் எங்களை வரிசையில் நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார். கனமானவர்கள் எல்லாம் மீட்பவர்கள், லேசானவர்கள் எல்லாம் அடிபட்டவர்கள். ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன் இடுப்பு முக்கியம் என்றார். நான் அப்போது நாற்பத்தைந்து கிலோ. என்னைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை.

"நீ தலைல அடி. நெனவு இல்ல. பஸ்ல இருந்து தூக்கி எறியப்பட்டவன்."

"சார், நான் காப்பாத்தறவனா இருந்துக்கிறேன் சார். நல்லா ஓடுவேன்."

"ஓடுவ. ஆனா எவனத் தூக்குவ?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இஸ்திரி அண்ணனுக்கு ஆரஞ்சு கலர் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் கிடைத்தன. எனக்கு ரத்தம் கிடைத்தது. ரோஸ்மில்க் எசன்ஸில் மைதாவைக் கரைத்துக் காய்ச்சியிருந்தார்கள். தையல் வகுப்புப் பெண்கள் அதைத் தலையிலிருந்து கழுத்துவரை ஊற்றி, சட்டையிலும் தாராளமாகத் தெளித்தார்கள். வேன் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது.

பயிற்சியாளர் கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"எப்ப வருவாங்க, யாரு வந்து தூக்குவாங்க, எந்த வண்டில ஏத்துவாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். விபத்து இன்னா சொல்லிக்கினா வருது? இன்னா நடந்தாலும் கண்ணத் தொறக்கக் கூடாது. வாயத் தொறக்கக் கூடாது. எவன் தொறக்கறானோ அவனுக்கு சர்டிபிகேட் கெடையாது."

மைதானத்தின் நடுவே இன்ஜின் இல்லாத பழைய பஸ் கூடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அடிபட்டவர்கள் பன்னிரண்டு பேரும் அதற்குள்ளும் வெளியிலும் படுத்துக்கொண்டோம். ஒன்பது மணிக்கு வர வேண்டிய மேனேஜர் பத்தரைக்கும் வரவில்லை. எல்லோரும் அவரை வரவேற்க மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த பந்தலுக்குப் போய்விட்டார்கள். நைட் ஷிப்ட்காரர்கள் படுத்த மாத்திரத்தில் நிஜமாகவே தூங்கிப்போனார்கள். என் பக்கத்தில் 'இறந்தவர்' ஒருவர் இருந்தார். அவர் விட்ட குறட்டை ரோடுவரை கேட்டிருக்கும்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வந்தது எறும்பு. ரோஸ்மில்க் ரத்தத்தின் இனிப்பு அந்த மைதானத்து எறும்புகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. காதுக்குள் ஒன்று நுழைந்தபோது பொறுக்க முடியாமல் எழுந்தேன். பார்க்க யாருமில்லை. பக்கத்தில் இடிந்த சுவர், அதில் ஒரு சந்து. சந்துக்கு வெளியே ரோட்டோரத்தில் வேலிக்காத்தான் புதர் ஒன்று கொஞ்சம் நிழல் தந்துகொண்டிருந்தது. நான் பஸ்ஸிலிருந்து தூக்கி எறியப்பட்டவன்தானே, இன்னும் ஒரு பத்தடி தள்ளி விழுந்ததாக இருக்கட்டும் என்று நினைத்து, சந்து வழியாக வெளியே போய்ப் படுத்துக்கொண்டேன். அழகாக ஒரு கையை மடக்கி, வாயைப் பாதி திறந்து, நடிப்பில் ஒரு குறையும் இல்லாமல்.

படுத்தபிறகுதான் ரோடு எனக்குக் கேட்க ஆரம்பித்தது. லாரிகள் போயின. பஸ்கள் போயின. ஒரு பைக் வேகம் குறைந்தது. "குடிச்சிட்டுக் கெடக்கறாம்பா, காலங்காத்தாலயே" என்று ஒரு குரல். பைக் போய்விட்டது. ஒரு கார் நின்றது, கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. "வேணாங்க, போலீஸு கேஸுன்னு பேஜாரு" என்று ஒரு பெண் குரல். காரும் போய்விட்டது. எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இவர்கள் நிகழ்ச்சியில் இல்லாதவர்கள், பாவம், என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. யாரோ இறங்கி என் காலருகே உட்கார்ந்தார். மெதுவாக என் ஷூ லேஸை அவிழ்த்தார். ஆகா, ஒத்திகை தொடங்கிவிட்டது, முதலுதவியில் இறுக்கமான உடைகளைத் தளர்த்த வேண்டும் என்று காலையில்தானே பாடம் நடத்தினார்கள் என்று மனசுக்குள் பாராட்டினேன். அவர் இரண்டு ஷூவையும் கழற்றினார். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவரும் இல்லை, ஷூவும் இல்லை. அப்போதும் நான் கண்ணைத் திறக்கவில்லை. சர்டிபிகேட் போய்விடும் அல்லவா?

அதற்குப் பிறகுதான் அந்த டெம்போ வந்தது. பிரேக் அடித்த வேகத்தில் மண் பறந்து என் முகத்தில் விழுந்தது. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன.

"யா அல்லா, யாரு பெத்த புள்ளயோ" என்று ஒரு அம்மாவின் குரல். ஓடி வந்து என் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தார். "இன்னாங்க, மூச்சு இருக்குது. சீக்கிரம் வாங்க. கால் பக்கம் புடிங்க."

"அந்தக் கம்பெனி கேட்டு பன்னெண்டு மணிக்கு மூடிருவான்" என்று ஒரு ஆண் குரல் தயங்கியது.

"கேட்டு நாளைக்கும் தொறப்பான். புடிங்க."

அவ்வளவுதான். தயக்கம் போன இடம் தெரியவில்லை. இரண்டு பேரும் என்னைத் தூக்கி வண்டியின் பின்பக்கம் கிடத்தினார்கள். அந்த அம்மா முன்சீட்டுக்குப் போகவில்லை. என்னோடு பின்னாலேயே ஏறி, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். துணி கிழியும் சத்தம் கேட்டது. தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். வண்டி திரும்பிப் பறந்தது.

நான் அசந்துபோனேன். இப்படி ஒரு ஒத்திகையா! எந்த ஊர் மன்றத்தில் இப்படிப்பட்ட ஆட்களைப் பிடித்தார்கள்? அந்த அம்மாவின் கண்ணீர் சொட்டுச் சொட்டாக என் கன்னத்தில் விழுந்தது. நடிப்புக்காகக் கண்ணீர் வரவழைப்பது லேசுப்பட்ட காரியமா? இவர்கள் இப்படி நடிக்கும்போது நான் மட்டும் சொதப்பக் கூடாது என்று உடம்பை இன்னும் தளர விட்டேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் என் தலை பொத்துப் பொத்தென்று ஆடியது. அந்த அம்மா இன்னும் அழுதார்.

"இன்னாங்க, இந்தப் புள்ள ரத்தமே ரோஜாப்பூவா மணக்குதுங்க" என்றார், முன்பக்கத்து ஜன்னல் வழியாகக் கணவரிடம். "நல்ல மனசுக்காரப் புள்ளயா இருக்கும். அல்லா காப்பாத்தணும்."

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அடக்கியதில் உடம்பு குலுங்கியது.

"இழுக்குதுங்க, புள்ளைக்கு இழுக்குதுங்க" என்று அவர் கத்தினார். வண்டி இன்னும் வேகம் பிடித்தது.

வண்டி நிற்கவே இல்லை. இவ்வளவு நேரத்தில் மைதானத்தை எட்டுமுறை சுற்றியிருக்கலாம். முதுகு முழுக்க ஜில்லென்று நனைந்துவிட்டது. மூக்கில் ரோஸ்மில்க்கைத் தாண்டி வேறொரு வாசனை ஏறியது. ஒரு கண்ணை மட்டும் மயிரிழை அளவு திறந்து பார்த்தேன். என்னைச் சுற்றிப் பெட்டி பெட்டியாக ஐஸ், ஐஸுக்கு நடுவே இறால். எங்கள் பயிற்சியாளர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒத்திகைக்காக ஒரு டெம்போ இறாலை வரவழைக்க மாட்டார் என்று எனக்கு உறைத்தது.

இரண்டு கண்ணையும் திறந்தேன். எனக்கு மேலே நாற்பது நாற்பத்தைந்து வயது முகம், அழுது சிவந்திருந்தது. புதுத் துப்பட்டி போர்த்தியிருந்தார். அதன் ஒரு முனை கிழிந்திருந்தது. அந்த முனைதான் என் தலையில் இருந்தது.

"கண்ணு தொறந்துட்டான்" என்றார் மெதுவாக, சத்தம் போட்டால் மறுபடி மூடிக்கொள்வேனோ என்று பயந்தவர்போல.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நடிச்சேன்" என்றேன்.

அவர் முகம் வாடியது. ஜன்னலைத் தட்டி, "இன்னாங்க, புள்ள உளறுது. மூளைல அடி போல" என்றார்.

"உளறலம்மா. இது ரத்தம் இல்ல, ரோஸ்மில்க்கு."

"குடிக்கலாம்பா. டாக்டரு பாத்த ஒடனே வாங்கித் தரேன். இப்பத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது."

"நான் இளைஞர் மன்றத்துல இருக்கேன்மா. பஸ்ஸுல இருந்து தூக்கி எறிஞ்சிட்டாங்க. பயிற்சிக்கு."

இதை நான் இன்னும் நன்றாக யோசித்துச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா "அடப் பாவிங்களா" என்று வாயில் அடித்துக்கொண்டார். முன்னால் இருந்து அவர் கணவர் குரல் கொடுத்தார். "இன்னிக்கு இன்னா கெழமன்னு கேளு. அத வெச்சிச் சொல்லிரலாம்."

"வியாழக்கெழம" என்றேன் உறுதியாக.

அன்றைக்குப் புதன். வேலை தேடுகிறவனுக்குப் புதனும் வியாழனும் ஒன்றுதான் என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? எழுந்து உட்காரப் பார்த்தேன். அந்த அம்மா என் நெற்றியில் கையை வைத்து அமுக்கினார். நாற்பத்தைந்து கிலோவுக்கு அந்தக் கை போதுமானதாக இருந்தது. "அசையாம இரு வாப்பா" என்று பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு எனக்காக ஓத ஆரம்பித்தார்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியது, நான் நடந்தே வருகிறேன் என்று சொல்லச் சொல்லத்தான். நர்ஸ் பஞ்சை எடுத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் முகம் மாறியது. பஞ்சை முகர்ந்து பார்த்தார். டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். டாக்டரம்மா என் தலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எங்க அடி?"

"அடியே இல்ல டாக்டர்" என்று முழுக் கதையையும் சொன்னேன். இந்த முறை வரிசையாக, பஸ் கூடு, பயிற்சியாளர், மைதா, எறும்பு எல்லாம் சேர்த்து. டாக்டரம்மா சிரிக்கவில்லை. உள்ளே நிஜமாகவே காலொடிந்த ஒருவர் காத்திருக்கிறார், எழுந்து வெளியே போ என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அந்த இருவரும் நின்றிருந்தார்கள். பாய் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திட்டுவார்கள், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டே போய் நடந்ததைச் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மா என் தலைமுடியை விலக்கி விலக்கிப் பார்க்கிறார். "நெசமாவே அடி இல்லயா? எங்கயும் இல்லயா?" என்று கேட்டார். இல்லை என்றதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஒரு சிரிப்பு. பரீட்சையில் பிள்ளை பாஸாகிவிட்டான் என்று கேட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

பாய் சிரிக்கவில்லை. அவர் வண்டிக்குப் பின்னால் போய்ப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். பழவேற்காட்டிலிருந்து விடிகாலையில் எடுத்த சரக்கு. தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு குளிர்பதனக் கம்பெனியில் பன்னிரண்டுக்குள் இறக்கியிருக்க வேண்டும். இறக்கிவிட்டுக் கொழுந்தியா வீட்டுக்குப் போகலாம் என்றுதான் மனைவியையும் கூட்டி வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது. ஐஸில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரில் பாதி என் முதுகில்.

"போனா போவுது வுடுங்க" என்றார் அந்த அம்மா.

"நா இன்னா சொன்னேன் இப்ப" என்றார் பாய். ஆனால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை. வேலை, மேனேஜர், சர்டிபிகேட் எல்லாம் மறந்துபோயிற்று. "பாய், மைதானத்துல நூறு பேருக்கு மேல இருக்காங்க. எல்லாரும் ஊட்டுக்குப் போற ஆளுங்கதான். வாங்க, நான் வித்துத் தரேன்" என்றேன். இதற்கு முன் நான் எதையும் விற்றதில்லை. பாய் என் வெறுங்காலைப் பார்த்தார், ரோஸ்மில்க் சட்டையைப் பார்த்தார். வேறு வழியில்லை என்பதால்தான் வண்டியை எடுத்தார் என்று நினைக்கிறேன். மீதியிருந்த ஐஸுக்காக விரட்டி ஓட்டினார். இந்த முறை என்னை நடுவில் உட்கார வைத்தார்கள்.

நாங்கள் மைதானத்துக்குள் நுழைந்தபோது மேனேஜர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். நடந்தது என்னவென்று பிறகு தெரிந்தது. ஒத்திகை பிரமாதமாக முடிந்திருக்கிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால் அடிபட்டவர்கள் பதினொரு பேர்தான் இருக்கிறார்கள். பன்னிரண்டாவது ஆள் எங்கே என்று மேனேஜர் கேட்க, பயிற்சியாளருக்கு வேர்த்துவிட்டது. "அவருக்கு அடி பலம் சார். அதனால மொதல்லயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்" என்று சமாளித்திருக்கிறார். அவர் சொன்னதில் ஆஸ்பத்திரி மட்டும் நிஜம் என்பது அவருக்கே தெரியாது.

நான் டெம்போவிலிருந்து இறங்கியதும் பயிற்சியாளர் முகத்தில் ஒரு வெளிச்சம். "இதோ சார், சிகிச்சை முடிஞ்சி வந்துட்டாரு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் என் தோளில் கை போட்டு மைக் முன்னால் நிறுத்தினார். எந்தக் கேட்டிலும் பார்க்க முடியாத மனிதர் என் தோளில் கை போட்டு நிற்கிறார். இதற்காகத்தானே வந்தேன்? நன்றி சார் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் டெம்போவின் பக்கத்தில் கிழிந்த துப்பட்டியோடு அந்த அம்மா நின்று, என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எழுந்து போனது, சந்து வழியாக வெளியே படுத்தது, ஷூ போனது, யார் யார் நிற்காமல் போனார்கள், யார் நின்றார்கள், அதனால் அவர்களுக்கு இன்றைக்கு என்ன நஷ்டம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க மன்றத்து லிஸ்ட்லயே முப்பது பேரு இருக்கோம் சார். காப்பாத்துனது லிஸ்ட்ல இல்லாத ரெண்டு பேரு" என்று முடித்தேன். பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்தார். ஊதாமலே எடுத்துவிட்டார்.

மேனேஜர்தான் முதலில் சிரித்தார். "யாரு தூக்கினு போனாலும் வாயத் தொறக்காம போற ஆளுதான்பா எங்க ஃபேக்டரிக்கு வேணும்" என்றார். அது பாராட்டா, கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேலை கிடைக்கவில்லை, அதனால் கிண்டலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர்தான் முதல் ஆளாக டெம்போ பக்கம் போய், "பாய், ரெண்டு கிலோ போடுங்க" என்றார்.

மேனேஜர் வாங்கியபிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தராசு இல்லாததால் பக்கத்துக் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தோம். நிழலுக்காக வண்டியை ரோட்டோர மரத்தடியில் நிறுத்தினோம். அங்கே ஆரம்பித்தது கூத்து. அடிபட்டவர்களில் ஒருத்தரும் இன்னும் ரத்தத்தைக் கழுவவில்லை. தலையில் கட்டு, கையைத் தொங்கவிட்ட துணித் தூளி, முகமெல்லாம் சிவப்பு, அந்தக் கோலத்தில் வரிசையில் நின்று இறால் பேரம் பேசினார்கள். வயிற்றில் இரும்புக்கம்பி குத்தினதாக வேஷம் போட்டவர் அந்தக் கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சின்னதா இருக்குது, பெரிசாப் பொறுக்கிப் போடு" என்றார். செத்தவராக நடித்துக் குறட்டை விட்டவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மூன்று கிலோ வாங்கினார். இஸ்திரி அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி அதில் இறாலை வாங்கிக்கொண்டார்.

கல்கத்தா ரோட்டில் போன வண்டிகள் எல்லாம் நின்றன. நான் தனியாகக் கிடந்தபோது நிற்காத ரோடு, இப்போது பஸ், லாரி, கார் என்று வரிசையாக நின்றது. ஒரு பஸ்ஸிலிருந்து பத்து இருபது பேர் "எங்க விபத்து, எங்க விபத்து" என்று இறங்கி ஓடி வந்தார்கள். வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் இறால் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா கிழிந்த துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு எடை போட்டார், நான் கவரில் கட்டினேன். பயிற்சியாளர் நடு ரோட்டில் நின்று விசில் ஊதிப் போக்குவரத்தைச் சரி செய்தார். அன்றைக்கு அவர் செய்ததிலேயே உருப்படியான மீட்புப் பணி அதுதான் என்று தையல் வகுப்புப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்குப் பெட்டிகள் காலி. பாய் அப்போதுதான் சிரித்தார். கிளம்பும்போது ஒரு பொட்டலம் இறாலை என் கையில் திணித்தார். வேண்டாம் என்றேன். "வெச்சிக்க தம்பி. ஆனா இனிமே ரோட்டுல படுக்காத. எங்க ஊட்டுக்காரம்மா பாத்தா மறுபடியும் தூக்கிரும்" என்றார்.

பிறகு வேறொரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. நண்பனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போனபோது விசாரித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா என்னைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு அழைத்து வந்து, "இதான் எங்கள ஏமாத்துன புள்ள" என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குப் பிறகு ரோட்டோரத்தில் யார் விழுந்து கிடந்தாலும் என் வண்டி தானாக நின்றுவிடுகிறது. பெரும்பாலும் குடித்துவிட்டுக் கிடப்பவர்கள்தான். எழுப்பினதற்காக என்னைத் திட்டித் தீர்ப்பார்கள். கூட வருகிறவர்கள் உனக்கு இது தேவையா என்பார்கள். ஆனால் அடி ஒன்றும் இல்லை, ஏமாந்துதான் போனோம் என்று தெரியும்போது மனசு எவ்வளவு லேசாகிவிடும் என்பது, நின்று பார்க்கிறவர்களுக்கு மட்டுமே புரிகிற ஒன்று.